பெரம்பலூர் – அரியலூர் வான்வழித் தூரம்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 24 கிலோமீட்டர் ஆகும். மைல் கணக்கில் இது ஏறத்தாழ 15. கப்பல்களும் விமானங்களும் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் 13. சாலை வழியாகச் சென்றால் இதே பயணம் சுமார் 30 கி.மீ. ஆகிறது. பெரம்பலூரிலிருந்து பார்க்கும்போது அரியலூர் கிழக்குத் திசையில், அதிலிருந்து 25 பாகை அளவுக்குத் தெற்கே சாய்ந்து அமைந்துள்ளது. இரண்டும் தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மாவட்டத் தலைநகரங்கள். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. இரண்டிலும் விமான நிலையம் இல்லை.

விமானமே இல்லாத இரண்டு ஊர்களுக்கு வான்வழித் தூரம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. வான்வழித் தூரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் விமானப் பயணத்தின் தூரம் என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். அது சரியல்ல. சாலை, ஆறு, ஏரி, சுரங்கம், ஊர் எதையும் கணக்கில் எடுக்காமல், பூமியின் பரப்பின் மீது இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமே வான்வழித் தூரம். இதை நேர்க்கோட்டுத் தூரம் என்றும் சொல்லலாம். அந்தப் பெயரே குழப்பம் தராதது. ஆங்கிலத்தில் இதனைக் காகம் பறக்கும் தூரம் என்கிறார்கள். நம் ஊர்க் காகங்கள் அப்படி நேராகப் பறப்பதாகத் தெரியவில்லை.

எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

ஊர் என்பது புள்ளியல்ல. பெரம்பலூரில் பழைய பேருந்து நிலையம் ஓரிடத்திலும் புதிய பேருந்து நிலையம் வேறிடத்திலும் உள்ளன. ஆட்சியர் அலுவலகம் இன்னோரிடம். அரியலூரில் ரயில் நிலையத்திலிருந்து அளப்பதா, பேருந்து நிலையத்திலிருந்து அளப்பதா என்பதைப் பொறுத்தும் விடை மாறும். நிலப்படங்களும் கணிப்புக் கருவிகளும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் அகலாங்கு, நெட்டாங்குகளை அவ்வூரின் இருப்பிடமாகக் கொள்கின்றன.

பெரம்பலூருக்கு 11.23 பாகை வடக்கு, 78.88 பாகை கிழக்கு, அரியலூருக்கு 11.14 பாகை வடக்கு, 79.08 பாகை கிழக்கு என்று எடுத்துக்கொண்டால் தூரம் 24.0 கி.மீ. வருகிறது. இதே ஊர்களைப் பாகை, கலை முறையில் முழுக் கலைகளாகச் சுருக்கி, பெரம்பலூர் 11° 14′ – 78° 53′, அரியலூர் 11° 08′ – 79° 05′ என்று எழுதினால் 24.5 கி.மீ. கிடைக்கும். அரை கிலோமீட்டர் வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒரு கலை என்பது தரையில் 1.85 கி.மீ. ஆகும். அந்த அளவில் எண்ணைச் சுருக்கும்போது பிழையும் அதற்கேற்பப் பெரிதாகிறது. பாகையின் இரண்டாவது தசம இடம்கூட ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

எனவே இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே 23.97 கி.மீ. என்றோ 24.53 கி.மீ. என்றோ இரண்டு தசமத்தில் சொல்லும் கணிப்புகளை மாணவர்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கணக்கு சரியாக இருக்கலாம். கணக்கில் இட்ட எண்ணுக்கு அந்தத் துல்லியம் இல்லை. 24 என்று சொல்வதே நேர்மையான விடை.

கையால் கணக்கிடும் முறை

இந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

முதலில் வடக்கு–தெற்கு வேறுபாடு. 11.23-லிருந்து 11.14-ஐக் கழித்தால் 0.09 பாகை. பூமியில் ஒரு பாகை அகலாங்கின் நீளம் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகவே பெரம்பலூர் அரியலூரைவிட 0.09 × 111, அதாவது சுமார் 10 கி.மீ. வடக்கே உள்ளது.

அடுத்து கிழக்கு–மேற்கு வேறுபாடு. 79.08-லிருந்து 78.88-ஐக் கழித்தால் 0.20 பாகை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நெட்டாங்குக் கோடுகள் நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இடைவெளியில் இருந்தாலும் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கிவிடுகின்றன. துருவத்தில் ஒன்றாகவே சேர்ந்துவிடுகின்றன. எனவே அந்த இடத்தின் அகலாங்கினுடைய கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 11.2 பாகையின் கோசைன் 0.981. அதனால் இங்கே ஒரு பாகை நெட்டாங்கு சுமார் 109 கி.மீ.; 0.20 பாகைக்கு 21.8 கி.மீ.

இப்போது கையில் ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது. ஒரு பக்கம் 10, மற்றொரு பக்கம் 21.8. பிதாகரஸ் தேற்றப்படி 10-இன் வர்க்கம் 100, 21.8-இன் வர்க்கம் 475, கூட்டினால் 575. அதன் வர்க்கமூலம் 23.98. சுருக்கினால் 24 கி.மீ.

தமிழ்நாட்டில் கோசைனை விட்டுவிட்டாலும் பெரிய பிழை வராது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த மதிப்பு ஒன்றை ஒட்டியே இருக்கிறது. இதே கணக்கை 60 பாகை அகலாங்கில் உள்ள ஊர்களுக்குப் போட்டால் கோசைன் பாதியாகிவிடும். அங்கே அதை மறந்தால் கிழக்கு–மேற்குத் தூரம் இரட்டிப்பாகக் காட்டும்.

உருண்டையான பூமியில் தட்டையான முக்கோணத்தை வரைவது முறையா என்று கேட்கலாம். 24 கி.மீ. தூரத்துக்கு அது முழுக்கச் சரி. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தரைக்கடியில் இம்மியும் வளையாத ஒரு சுரங்கப்பாதை வெட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேடு பள்ளமற்ற பூமியாக இருந்தால், நடுவழியில் அந்தச் சுரங்கம் தரைமட்டத்துக்குக் கீழே சுமார் 11 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அவ்வளவுதான் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே பூமியின் வளைவு. மேலே வளைந்து செல்லும் தூரத்துக்கும் கீழே நேராகச் செல்லும் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

தூரம் கூடும்போதுதான் வளைவு தன் வேலையைக் காட்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,000 கி.மீ. அங்கே பிதாகரஸ் போதாது. பூமியைக் கோளமாகக் கொண்ட ஹாவர்சைன் வாய்பாடு முதலிய முறைகள் தேவை. பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்டு, இரண்டு இடங்கள் வழியாகவும் செல்லும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். அந்த வட்டத்தின் வில்லே இரண்டு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. சுவரில் மாட்டிய உலகப் படத்தில் அந்த வில் வளைந்து தெரிவதால் விமானம் சுற்றிப் போகிறதோ என்று தோன்றும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

குறுகிய வழிதான் விரைவான வழி என்றும் சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமாக அனுப்பாமல் பசிபிக் பக்கமாக அனுப்பியது. பறந்த தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடியது. பின்னாலிருந்து தள்ளும் காற்று கிடைத்ததால் பயண நேரம் குறைந்தது.

பறந்துதான் போவோமே

பெரம்பலூர் – அரியலூர் பயணத்துக்கு விமான நேரம் கணக்கிட்டுச் சொல்பவர்களும் உண்டு. 24 கி.மீ. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 1 நிமிடம் 48 விநாடி. வகுத்தல் சரி, பொருள்தான் இல்லை. பயணிகள் விமானம் ஒன்று ஓடுபாதையில் ஓடி எழுந்து அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் அரியலூரைத் தாண்டிப் போயிருக்கும்.

இரண்டு ஊர்களுக்கும் அருகிலுள்ள விமான நிலையம் திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையமே. நேர்க்கோட்டில் அது பெரம்பலூரிலிருந்து சுமார் 55 கி.மீ., அரியலூரிலிருந்து சுமார் 58 கி.மீ. பெரம்பலூர்க்காரர் ஒருவர் அரியலூருக்கு விமானத்தில்தான் செல்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், திருச்சிக்குச் சென்று, திருச்சியில் ஏறி, திருச்சியிலேயே இறங்கி, அங்கிருந்து அரியலூருக்கு வர வேண்டும். அருகிலுள்ள விமான நிலையம் எது என்று தேடிக் கணக்கிடும் கருவிகளுக்கு இந்த வேடிக்கை புரிவதில்லை.

மிகக் குறுகிய விமானப் பயணங்கள் உலகில் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே லோகன் ஏர் நிறுவனம் 1967 முதல் விமானம் இயக்கி வருகிறது. தூரம் 2.7 கி.மீ. மட்டுமே, பறக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள். அங்கே நடுவில் கடல் இருக்கிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பேருந்து ஓடுகிறது.

ஆனால் திருச்சி விமான நிலையம் இவ்விரு மாவட்டத்தாருக்கும் அந்நியமானதல்ல. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் பலருக்கு அதுவே வாசல். ஊரிலிருந்து விமான நிலையம் வரையிலான சாலைத் தூரமே அவர்களுக்குக் கவலை தருவது. அதற்கப்பால் 3,000 கி.மீ. நான்கு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது.

சாலை ஏன் நீள்கிறது?

இரண்டு ஊர்களையும் இணைப்பது, பெரம்பலூரில் தொடங்கி அரியலூர், கீழப்பழுவூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 136. சாலைத் தூரமான 30-ஐ வான்வழித் தூரமான 24-ஆல் வகுத்தால் 1.25. அதாவது நேர்க்கோட்டில் நான்கு கிலோமீட்டர் என்றால் சாலையில் ஐந்து. சமவெளி ஊர்களுக்கு இது வழக்கமான விகிதம்தான். சாலைகள் ஊர்களைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். ஆற்றைப் பாலம் கட்ட ஏற்ற இடத்தில் கடக்க வேண்டும். இந்தப் பகுதியின் பல சாலைகள் பழைய வண்டித்தடங்கள் அகன்று உருவானவை. வண்டித்தடம் நீரும் நிழலும் பார்த்து வளைந்தது.

இந்த விகிதம் எப்போதும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டரையொட்டியே வரும். பெரம்பலூர் – அரியலூர் தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. 1914-இல் தொடங்கிய ரயில்–கப்பல் இணைப்பு அந்தத் தூரத்தை உண்மையிலேயே சிறியதாக வைத்திருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் அந்த வழி அற்றுப்போனது. இன்று தனுஷ்கோடியில் நிற்கும் ஒருவர் தலைமன்னாருக்குச் செல்ல நினைத்தால், திரும்பி வந்து வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. முப்பது கிலோமீட்டர் பல நூறு கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

நம் முன்னோர் தூரத்தை நேர்க்கோட்டில் எண்ணியதாகத் தெரியவில்லை. நாழிகை வழி என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவர் நடக்கும் தூரம். கூப்பிடு தூரம் என்பது குரல் எட்டும் தூரம். காதம் என்பதும் நடையோடு சேர்ந்த அளவே. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு அரியலூர் – பெரம்பலூர் சாலை பதினைந்து நாழிகை வழி.

நேர்க்கோட்டை முதலில் அளந்தவர்கள்

செயற்கைக்கோள்கள் வருவதற்கு முன்பு நேர்க்கோட்டுத் தூரத்தை எப்படி அளந்தார்கள்? அந்தக் கதை தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். தரையில் தூரம் அளந்தது அந்தக் கோட்டுக்குத்தான். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே கண்டுவிடலாம். அப்பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. இப்படி முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே போனது அந்தப் பெரும் அளவை. பிழை சேர்ந்துவிடாமல் இருக்க ஆங்காங்கே புதிதாக அடிக்கோடு அளந்து சரிபார்த்தார்கள்.

மலைகள் உள்ள இடத்தில் இந்த வேலை எளிது. காவிரிச் சமவெளியில் ஏறி நிற்க மேடு கிடையாது. கோவில் கோபுரங்கள்தான் துணை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தாமே சீர்செய்தார். இன்று கைப்பேசி நிலப்படத்தில் இரண்டு இடங்களைத் தொட்டால் அவற்றின் நேர்க்கோட்டுத் தூரம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. மேலே கண்ட 55, 58, 24 என்ற மூன்று தூரங்களும் சேர்ந்து லாம்டனுக்குப் பிடித்திருக்கக்கூடிய ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. இரண்டு ஊர்களிலும் விமான நிலையத்திலும் உள்ள கோணங்களைக் கண்டுபிடிப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

சட்டத்தில் தூரம்

நேர்க்கோட்டுத் தூரம் வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, மத்தியச் சட்டங்களில் தூரம் என்று வருமிடமெல்லாம், வேறு பொருள் தெரியாதவரை, கிடைத்தளத்தில் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்கிறது. கிடைத்தளம் என்றதால் மேடு பள்ளத்தால் கூடும் நீளமும் கணக்கில் வராது.

எந்தத் தூரம் என்று முன்பே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு கேரளத்தின் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம் தன் முன்னால் இருந்த காலி இடத்தில் சுவர்களை எழுப்பி, வாடிக்கையாளர் வளைந்து வளைந்து நடந்துவரும்படி பாதை அமைத்தது. கட்டடம் நகரவில்லை, நடக்கும் தூரம் மட்டும் நீண்டது. அங்குள்ள கலால் துறையினர் வான்வழித் தூரத்தை அல்ல, நடைவழித் தூரத்தையே அளப்பதாகச் சொன்னதால் இந்த உத்தி செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

ஆட்சியர் அலுவலகம் எவ்வளவு தூரம்?

பெரம்பலூர், அரியலூர் மக்களுக்குத் தூரம் மிகவும் உறைத்தது மாவட்டப் பிரிவினைகளின்போதுதான். பட்டா, சான்றிதழ், மனுநீதி நாள் என எதற்கும் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலியா இரண்டு நாள் கூலியா என்ற கேள்வி.

இதை விளங்கிக்கொள்ள, இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் முதலாம் இராசேந்திரனின் தலைநகர். தலைநகரைத் தேடி யாரும் அங்கிருந்து வெளியே போக வேண்டிய தேவை அன்று இருந்திருக்காது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தபோது, அவ்வூரிலிருந்து ஆட்சியர் அலுவலகம் நேர்க்கோட்டிலேயே சுமார் 95 கி.மீ. 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, பெரம்பலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் இந்தப் பகுதி சேர்ந்தது. தூரம் 62 கி.மீ. ஆகக் குறைந்தது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. தூரம் 41 கி.மீ. ஆயிற்று. 2002 மார்ச் 31 அன்று அரியலூர் மாவட்டம் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது, மறுபடி 62. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் திரும்பவும் மாவட்டமானது; மறுபடி 41.

கங்கைகொண்ட சோழபுரம் அசையவில்லை. தலைநகர் மட்டும் அந்த 24 கி.மீ. கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ப் போய் வந்தது. 62-க்கும் 41-க்கும் உள்ள வேறுபாடு 21 கி.மீ. போக வரக் கணக்கிட்டு, சாலையின் 1.25 விகிதத்தையும் சேர்த்தால் ஒரு மனுவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் பயணம். ஐந்தே முக்கால் ஆண்டுகள் அந்தக் கூடுதலைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று முறை வந்து திரும்பியிருப்பார்கள் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. மேற்கே, வேப்பந்தட்டைப் பக்கத்தாருக்கு இந்த இணைப்பாலும் பிரிவாலும் ஒரு கிலோமீட்டரும் மாறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும் அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் இருந்தனர். இணைந்திருந்த காலத்தில் மக்கள் அதிகம் வாழ்ந்த பாதிக்கே தலைநகர் தொலைவில் இருந்தது.

ரயில் பாதை

வடிவியல் படித்தவர்களுக்கு அரியலூர் ரயில் நிலையத்தில் ஒரு செய்தி காத்திருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு ரயில் பாதைகள் உண்டு. பழையது கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என வளைந்து வரும் மெயின் லைன். 1920-களின் இறுதியில் விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போடப்பட்டது கார்டு லைன். கார்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வட்டத்தின் நாண் என்று பொருள். வில்லின் இரு முனைகளையும் நேராக இணைக்கும் கோடு. எழும்பூரிலிருந்து திருச்சி சந்திப்புக்கு நேர்க்கோட்டில் சுமார் 305 கி.மீ. மெயின் லைனில் சுமார் 400 கி.மீ.; கார்டு லைனில் 336 கி.மீ. வான்வழித் தூரத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிய பாதை இது.

நேராகச் செல்லும் பாதை ஆறுகளைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். 1956 நவம்பர் 23 அன்று பெருமழையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் சேதமடைந்து, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

கார்டு லைன் பெரம்பலூரைத் தொடவில்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை அமைக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அது வரும்வரை பெரம்பலூர்க்காரர் ரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டும். அரியலூரைத் தேர்ந்தெடுத்தால் வானில் 24, சாலையில் 30; பேருந்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இரவு ரயிலுக்குச் செல்பவர்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.